மூன்றாம் இன்ஜெக்டரில் இரண்டு வாஷர்

1

இந்தக் கதையில் என் காதில் நிஜமாக விழுந்தது ஒரே ஒரு வாக்கியம். சேர்வராயன் மலையிலுள்ள வெள்ளக்கடை என்ற ஊரில் பஸ்ஸுக்கு நின்றபோது, டீக்கடை பெஞ்சில் ஒரு மெக்கானிக் நாலு பேரிடம் சொன்னது:

"எஞ்சின்ல குத்தமில்லீங்க. மிதிக்கிற காலுலதான் குத்தம்."

நாலு பேரும் சிரித்தார்கள். யாருடைய கால் என்று நான் கேட்கவில்லை. பெண்ணின் கால் என்பது அந்தச் சிரிப்பிலேயே இருந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வீடு சேரும்வரை எரிச்சல் அடங்கவில்லை. மற்றதெல்லாம் அந்த எரிச்சலில் கட்டியது. மெக்கானிக்குக்கு ஜேசுதாஸ் என்றும் ஜீப்காரிக்கு லூர்துசெல்வி என்றும் நானே பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: சேர்வராயன் மலைமேல் வெண்பனி மெல்ல இறங்கி, காப்பிச் செடிகளின் —

(வேண்டாம். பனிக்கும் இந்த ஜீப்புக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாம் தொடக்கம்: லூர்துசெல்வி ஓர் எளிய பெண். அவள் —

(எளிய பெண்ணாம்! எட்டு வருடமாக எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிறவள், அடிவாரம்வரை இருபது கொண்டை ஊசி வளைவும் பாடம். எதில் எளியவள்?)

எனக்குக் காட்சி வராது, பேச்சுதான் வரும். அதிலேயே தொடங்குகிறேன்.

"ஏனுங் ஜேசண்ணா, நீங்க எஞ்சினை இறக்கிக் கட்டி இன்னும் இருவது நாளாகலீங்க. மூணாவது இன்ஜெக்டரச் சுத்தித் தார் ஊத்துன மாதிரி கருப்பா நிக்குது. ஏத்தத்துல புஸ்ஸு புஸ்ஸுங்குது. பின்னால உக்கார்ற பொம்பளைங்க தொண்டை எரியுதுங்கறாங்க."

"டீசல் கசியுதுங்க்கா. நட்டு லூசாயிருக்கும்."

"முடுக்குனது நீங்கதானுங்களே?"

"நீங்க மிதிக்கிற மிதிக்கு நட்டு என்னங்க, மலையே லூசாவும்."

இன்னும் இறுக்கிவிட்டுப் போனான். சத்தம் கூடியதுதான் மிச்சம். டீக்கடையில் அவன் சொன்ன வாக்கியம் மறுநாளே எஸ்டேட் மேனேஜர் விஜயகுமாரின் காதுக்குப் போய்விட்டது.

"காப்பிப் பழம் பறிக்கிற ஆளுங்க பதினோரு பேரு. ஓட்டத் தெரியாதவங்கள நம்பி ஏத்தியுட முடியாதும்மா. வியாழக்கிழமை ஜேசுதாஸையும் வெச்சுப் பேசுவோம். தப்பு உம்மேலன்னா ட்ரிப்பு சத்யராஜ் வண்டிக்கு."

எட்டு வருட ட்ரிப்பு. அவளுக்கு வேறு ட்ரிப்பு கிடையாது.

3

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த பகுதியை எழுதும்போது ஆரோக்கியதாஸ் என்று ஓர் அண்ணனை அவள் வீட்டு வாசலுக்கு அனுப்பினேன். கையில் ஸ்பேனர் கொடுத்தேன். அவர் கழற்றினார், கண்டுபிடித்தார். இவள் டார்ச் பிடித்தாள். ஒன்றரைப் பக்கம் தடையில்லாமல் ஓடியது. அப்புறம் அவள் குரல்.

"ஏனுங்கம்மா, இவரு எதுக்குங்க வந்தாரு?"

"இதெல்லாம் உனக்குத் தெரியும்னா படிக்கிறவங்க நம்பணுமே கண்ணு."

"ஓ. நீங்களும் அந்தப் பெஞ்சிலதான் உக்காந்திருக்கீங்களா?"

ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்தேன். ஜேசுதாஸ் மேல் இருந்த கோபத்தில் பாதி என் பக்கம் திரும்பியது. அது இன்னும் ஆறவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து அவள் ஊரான தலைச்சோலையே ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போயிருந்தது. லூர்துசெல்வி போகவில்லை. வாசலில் ஜீப்பின் பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் மூன்றாம் இன்ஜெக்டரைச் சுற்றி இருந்த கரியைச் சுரண்டித் துடைத்தாள். முகப் பவுடரைக் கொட்டி எஞ்சினைக் கிளப்பினாள். டீசல் கசிந்தால் பவுடர் நனையும். நனையவில்லை. அடிப்பக்கத்துப் பவுடர் மட்டும் பறந்தது.

சோப்புத் தண்ணீரைத் தடவினாள். இன்ஜெக்டரின் அடியில் குமிழி குமிழியாகக் கொப்பளித்தது.

"காத்து! டீசலாம்ல டீசலு."

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, இன்ஜெக்டரைக் கழற்றினாள். குழிக்குள் செம்பு வாஷர்* இருந்தது. புதுசுதான். அதை எடுத்துவிட்டு டார்ச்சை உள்ளே சாய்த்தாள். அடியில் இன்னொரு விளிம்பு. இரும்போடு இரும்பாகக் கறுத்து ஒட்டிக்கொண்டு ஒரு பழைய வாஷர். சைக்கிள் ஸ்போக்கின் நுனியை வளைத்து நெம்பினாள். பிடுங்கிக்கொண்டு வந்தது.

"பழசை எடுக்காமயே புதுசை மேல போட்டிருக்கான். எங்காலாம், குத்தமாம்!"

புது வாஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாள். செம்பு இளகினால்தான் குழியோடு படியும். குழியைத் துடைத்து, அதை மட்டும் வைத்து, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி ஒரே அளவாக முடுக்கினாள். கிளப்பினாள். மறுபடி தடவிய சோப்பு நுரை அப்படியே நின்றது.

(* இன்ஜெக்டருக்கு அடியில் உட்காரும் வளையம். உள்ளே வெடிக்கிற காற்று மேலே தப்பாமல் அடைப்பது. குழிக்கு ஒன்று. ஒன்றே ஒன்று. இரண்டிருந்தால் சரியாகப் படியாமல் காற்று தப்பும்.)

5

வியாழன் காலை, வெள்ளக்கடை ஜீப் ஸ்டாண்டு. கறுத்த வாஷரை, அது இருந்த இடத்தைச் சொல்லி, அவள் மேனேஜரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்னய்யா இது?"

"பழைய வாஷருங்க சார்" என்றான் ஜேசுதாஸ்.

"உள்ள இருந்துச்சாமே?"

"நாங் கட்டுனப்ப இல்லீங்க. கழட்டுனது அவங்க. எதைப் போட்டு எதை எடுத்தாங்களோ, நாம் பாத்தனா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சத்தியமாக நான் யோசித்து வைத்த வசனம் இல்லை, அவனாகச் சொன்னது. வாஷரைக் காட்டினால் போதும் என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன். தன் கையால் சரி செய்ததே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

"கழட்டறப்ப பக்கத்துல யாரும்மா இருந்தா?"

லூர்துசெல்வி வாஷரை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"யாருமில்லீங்க சார்."

6

முடிவு அ: "தப்பு நடந்துபோச்சுங்க" என்கிறான் ஜேசுதாஸ். எழுதிப் பார்த்தேன். அது அவன் குரலே இல்லை.

முடிவு ஆ: ஆரோக்கியதாஸை மறுபடி அழைத்துவந்து, "நாந்தான் பாத்தனுங்களே" என்று சொல்லவைப்பது. ஒரே வரியில் ட்ரிப்பு பிழைத்துவிடும். அவளிடம் கேட்டேன்.

"அவரு பாத்தா நெசம், நாம் பாத்தாப் பொய்யிங்களா?"

அடித்துவிட்டேன்.

முடிவு இ: பதினோரு பெண்களும் வேறு வண்டியில் ஏறமாட்டோம் என்று —

(அன்றைய கூலியை விட்டுவிட்டா? எனக்கே நம்பிக்கை இல்லை.)

ஆகவே இத்தோடு பேனாவை மூடுகிறேன். மேனேஜர் ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்துக் கேட்கிறார்: "வேற யாராச்சும் பாத்தீங்களா?"

என் சாட்சி செல்லாது. அவளை உண்டாக்கியவளே நான். நீங்கள் அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலில் அவளோடு நின்றது நீங்கள் ஒருவர்தான். டார்ச் வெளிச்சத்தில் அந்த விளிம்பைப் பார்த்தீர்கள். ஸ்போக்கோடு அது வெளியே வந்ததையும் பார்த்தீர்கள்.

சத்யராஜ் தன் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டான். சீக்கிரம் சொல்லுங்கள்.