கட்டி அணைத்தவர்

மெத்தைக் கடையில் பிடித்த தீயை, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த தீயணைப்பு வீரர் கட்டிப்பிடித்து அணைத்தார். வண்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, அடுத்த வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டது, மாடியில் கடைக்காரரின் குடும்பம் சிக்கியிருந்தது. நிலைய அலுவலர் தொண்டை கிழிய, “பாத்துக்கிட்டு நிக்காத, போய் அணைப்பா!” என்று கத்தினார். பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசாத சுபாவம் நம் ஆளுக்கு. குழாயைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு போய் அணைத்தார். அதுவரை தன்னை யாரும் அப்படித் தொட்டதில்லை என்பதாலோ என்னவோ, தீ ஒருமுறை விம்மிவிட்டு அடங்கிப்போனது. அறிக்கையில் அலுவலர் ‘தீ அணைக்கப்பட்டது’ என்றே எழுதினார். மேலிடத்தில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுதியதில் பொய் இல்லையே.

நிலையத்தில் இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. வீங்கிய விரலில் மாட்டிய மோதிரத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்றுவார்கள், பாதி வழியில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை இறக்குவார்கள், வெள்ளம் வந்தால் படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கட்டிலோடு தூக்கி வருவார்கள், புகைக்குள் எப்படித் தவழ்வது என்று பள்ளிக்கூடத்தில் தாங்களே தரையில் படுத்துக் காட்டுவார்கள். அந்த வேலைகளோடு இதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. பெரிய தீக்குத் தண்ணீர், கைக்கு அடங்கும் தீக்கு அவர் என்று ஆனது. ஆனால் வெளியே அணைந்த தீ அவருக்குள் போய்த் தங்கிவிட்டது. வருஷங்கள் போகப் போக அவர் போட்ட சட்டை தானாகவே இஸ்திரி ஆனது. ஓட்டுநர் அவர் தோளில் கெட்டிலை வைத்து எல்லோருக்கும் டீ போட்டார். அடுப்பு என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் அவர் மனைவி, “ஏங்க, தள்ளி நில்லுங்க, திரைச்சீலை கருகுது” என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், மகள் பிறக்கும்வரை.

குழந்தையை நிலையமே முறை வைத்துத் தூக்கியது. அப்பா மட்டும் கதவோரம் நின்றார். டாக்டர் அவர் வாயில் வைத்த தெர்மாமீட்டர் வெடித்தது. “உங்க பொண்ணை நீங்க தூக்கக் கூடாது. சொல்லவே எனக்குக் கஷ்டமா இருக்கு” என்றார் டாக்டர். அப்பா வேலைக்குப் போடும் கனத்த கோட்டை வீட்டில் மாட்டிக்கொண்டும் பார்த்தார். பொத்தான்கள் உருகி ஒழுகின. குழந்தையோ தவழக் கற்றுக்கொண்டதும் நேராக அவரிடம்தான் வந்தது. அவர் பின்னால் நகர்ந்தார், அது விடாமல் வந்தது, முதுகில் சுவர் இடித்ததும் அவர் எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். உள்ளே அது அழுத அழுகை பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டது.

இஸ்திரிக்குத் துணி கொடுக்கப் போன இடத்தில் மனைவி உடைந்துபோனாள். “ஊரையே காப்பாத்துறாரு, பெத்த புள்ளையத் தொட முடியல.” இஸ்திரிக்காரம்மாவின் கடை ஒரு காலத்தில் பற்றி எரிந்தபோது அணைத்தவர் அவர்தான். அந்த அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் நிலையத்துக்கு நடந்தாள்.

“எங்க கடை நெருப்பு உங்ககிட்டதானே இருக்கு? குடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்.”

“கிட்ட வராதீங்கம்மா, சுடும்.”

“சூடு எனக்கு என்ன புதுசா?” என்றவள் அவரை இழுத்துக் கட்டிக்கொண்டாள். சுடவில்லை. இத்தனை காலம் அவருக்குள் இருந்ததில் அந்த நெருப்பு கோபம் தணிந்து, அதற்கு உரியவளுக்கு வெறும் கதகதப்பாக மாறியிருந்தது. அவள் பங்கு அவளுக்குள் இறங்கியது. தோளில் இருந்த கெட்டில் கொதிப்பதை நிறுத்தியது.

விஷயம் ஊருக்குள் பரவக் கேட்க வேண்டுமா? மெத்தைக் கடைக் குடும்பம் வந்தது, ரொட்டிக் கடைக்காரர் வந்தார், பள்ளித் தலைமையாசிரியை வந்தார். வரிசை தெருமுனை தாண்டியது. அலுவலர் தண்ணீர்க் குழாயையே கயிறாகக் கட்டிக் கூட்டத்தைச் சமாளித்தார். மோதிரம் கழன்ற அம்மாள், “எங்க வீட்ல தீயே பிடிக்கலப்பா, இருந்தாலும் கொஞ்சம் குடு” என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வந்தவர்கள் நன்றி சொன்னார்கள். நன்றியை எந்தக் கையில் வாங்குவது என்று தெரியாத மனிதர், ஒவ்வொருவரிடமும் “பரவால்ல, பரவால்ல” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வரிசையின் கடைசியில் மனைவி நின்றாள், இடுப்பில் குழந்தையோடு. அவர் வழக்கம்போல ஓரடி பின்னால் போனார். அவள் குழந்தையை நீட்டினாள். அது கெட்டில் உட்காரும் தோளில் கன்னத்தை வைத்து, சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது. அவர் அழுததை எல்லோரும் பார்த்தார்கள், அவரும் மறைக்கவில்லை.

அந்த நகரத்தில் எல்லோருடைய உள்ளங்கையும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். புதிதாக வரும் டாக்டர்கள் முதலில் பதறுவார்கள், பிறகு பழகிவிடும். இப்போதெல்லாம் தீ அணைந்ததும் வீட்டுக்காரர்கள் வாசலில் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். தங்கள் நெருப்பை அவர்கள் வாங்கிக்கொண்ட பிறகுதான் வண்டி நிலையத்துக்குத் திரும்புகிறது.