இரைச்சல் இல்லாத ஆம்ப்ளிஃபயர்

அண்ணன் எனக்குத் தரவேண்டியது பதினோராயிரத்து நானூற்று ஐம்பது. நான் மூட்டை தூக்கிச் சேர்த்த காசு. அதில்தான் வீட்டில் பாட்டுக் கேட்க முழு டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வரவழைத்தார். பெட்டி வந்து சேர்ந்தபோது அவர் இல்லை. நெஞ்சுவலி முந்திக்கொண்டது.

மூன்று மாதம் பொறுத்து, கடனுக்கு ஈடாக அதைத் தூக்கிவரப் போனேன்.

"எடுத்துக்கங்க தம்பி," என்றார் அண்ணி. "ஒரு பாட்டு மட்டும் கேட்டுட்டுப் போங்க."

"கேட்டா கடன் அடைஞ்சிருமா அண்ணி?"

அண்ணி சிரிக்கவில்லை, பாட்டை ஓடவிட்டார். அண்ணன் இசைத்தட்டிலிருந்து கம்ப்யூட்டரில் பதிந்தது. ஒயர் மாட்டிப் பதியத் தெரியாமல், ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பழைய ஆம்ப்ளிஃபயர் அதன்மேல் அடைமழைபோல் இரையும். இதில் பாட்டு ஸ்பீக்கர் வாசல்வரை வெறும் எண்களாகவே போகிறதாம். துளி இரைச்சல் இல்லை.

பாட்டு முடிந்தது. அறை கிணறுபோல் அடங்கியது. அப்போது மூக்கடைத்த மூச்சு ஒன்று இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. சின்ன வயதில் ஒரே பாயில் என் பிடரியில் பட்ட அதே மூச்சு.

"இத்தனை வருஷமா பாட்டுக்குள்ளதான் இருந்திருக்காரு," என்றார் அண்ணி. "இந்தப் பெட்டியில மட்டுந்தான் கேக்குது."

கட்டித் தூக்கக் கொண்டுபோன கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு எழுந்தேன்.

"அப்ப கடன்?"

"அண்ணன் குடுத்துட்டாரு அண்ணி. பாக்கி இல்ல."