நடு மைதானத்து நாற்காலி

பழைய கோச் இருந்தவரை வெஸ் ஹாலரனுக்கு வகுப்பு என்பது மனசிருந்தால் போகிற இடம். பந்தோடு பாய்ந்து வருகிறவனைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பதில் அந்தக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவனை யார் கேட்பது? இது கடைசி வருடம். வெள்ளிக்கிழமை கேப்டன் தேர்வு. ஆட்டக்காரர்களே கை தூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். அவன் அப்பாவும் இதே அயோவா கல்லூரியில் கேப்டனாக இருந்தவர். அந்தப் பதவி தனக்கில்லாமல் வேறு யாருக்கு என்று வெஸ் தெம்பாகத்தான் இருந்தான்.

புதிதாக வந்த தலைமைக் கோச் பிரண்டிஜ் முதல் வேலையாக எல்லா ஹெல்மெட்டிலிருந்தும் கல்லூரிச் சின்னத்தை உரித்தெடுத்தார். "சம்பாதிச்சு ஒட்டிக்குங்க" என்றார். அடுத்து, யார் வகுப்புக்கு வருகிறான் என்று பார்க்க ஆள் அனுப்பினார். செவ்வாய்க்கிழமை காலை வரலாற்று வகுப்பில் வெஸ்ஸைக் காணோம். வெஸ் துரை அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பயிற்சிக்குப் போனால், நடு மைதானத்தில் ஒரு மடக்கு நாற்காலி. அதன்மேல் சர்க்கரை தூவிய டோனட், ஒரு பாட்டில் ஜில்லென்ற லெமனேட்.

"உக்காரு வெஸ். சாப்பிடு" என்றார் பிரண்டிஜ்.

"தப்பு பண்ணது நான். நான்தானே கோச் ஓடணும்?"

"நீ எதுக்குப்பா ஓடணும்? நல்லா தூங்கி எழுந்திருக்க. அவங்க ஓடுவாங்க."

மற்றவர்கள் அத்தனை பேரும் ஸ்டேடியத்தின் படிகளில் ஏறி இறங்க ஆரம்பித்தார்கள். ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளந்தது. வெஸ்ஸின் பக்கத்து அறைக்காரன் ஃபெட்டு, சமோவாத் தீவிலிருந்து வந்தவன், ஆள் மலை மாதிரி. போன வருடம்தான் முழங்காலில் ஆபரேஷன். பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான்.

வெஸ்ஸால் பொறுக்க முடியவில்லை. டோனட்டை வீசிவிட்டு ஓடிப்போய் ஃபெட்டுவோடு படியேறினான். பழைய கோச்சாக இருந்தால் கைதட்டியிருப்பார். உண்மையைச் சொன்னால், வெஸ்ஸும் அதைத்தான் எதிர்பார்த்தான்.

பிரண்டிஜ் விசில் ஊதினார். "அவன் எழுந்துட்டான். எல்லாரும் மறுபடி முதல்லேருந்து!"

"போய் உக்காருடா மடையா!" மொத்த அணியும் கத்தியது.

போய் உட்கார்ந்தான். புல்லில் கிடந்த டோனட்டை எடுத்துத் தின்றான். விழுங்க விழுங்க அழுகை வந்தது.

குளியலறை வாசலில் ஃபெட்டு மடக்கினான். "எங்களைக் காப்பாத்த வந்தியோ? உன் மனசு ஆறுறதுக்கு நாங்க ஏன்டா படியேறணும்?"



வெள்ளிக்கிழமை அவன் பெயரைச் சொன்னபோது ஒரு கைகூட எழவில்லை. ஃபெட்டுவின் பெயருக்கு எல்லாக் கையும் எழுந்தது, வெஸ்ஸின் கையும். அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னான்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் அறைக் கதவு தடதடத்தது.

"எழுந்திரிடா! இன்னொரு தடவை உனக்காகப் படியேற என் முட்டி தாங்காது!"

வெஸ் ஷூவெல்லாம் மாட்டி எப்போதோ தயாராகிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இனி தன்னை ஒருத்தனும் சீந்தமாட்டான் என்றுதான் நினைத்திருந்தான். உடனே எழுந்து திறக்கவில்லை. கதவு இன்னொரு முறை தட்டப்படட்டும் என்று காத்திருந்தான்.