மோச்சியின் வேகம்

அரையிறுதியின் கடைசிச் சுற்றில் மோச்சி எதிராளியை முந்திக்கொண்டு பாய்ந்தது. ஆட்டம் என்னவோ சயோகோவுக்குத்தான். ஆனால் எதிராளிக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு நிமிர்ந்தவள் உடனே கருவியை மறுபடி பார்த்தாள். மோச்சி யாரையும் முந்தக் கூடாது. முந்தாமல் இருப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட ஜீவன் அது.

கையடக்கக் கருவிக்குள் வாழும் பூதங்களில் மோச்சி ஒரு பாறையாமை. அந்த விளையாட்டில் மற்றவர்களெல்லாம் தங்கள் பூதத்துக்கு வேகம் ஏற்றப் படாத பாடு படுவார்கள். சயோகோ பட்டது நேர்மாறான பாடு. பாறையாமை எவ்வளவுக்கெவ்வளவு மெதுவோ, அவ்வளவுக்கவ்வளவு அது உருண்டு வந்து மோதும் உருளடி கனமாக விழும். ஆகவே அவள், நடந்தால்தான் முட்டை பொரியும் என்பதால், விளையாட்டுக்குள் இருக்கும் பாலத்தின் மேல் போவதும் வருவதுமாக நடந்து முட்டை முட்டையாகப் பொரித்தாள். சுறுசுறுப்பாகப் பிறந்ததையெல்லாம் காட்டில் விட்டாள். சோம்பேறிகளிலேயே மகா சோம்பேறியாக ஒன்று பொரிந்த அன்று, வேலை பார்க்கும் மருந்துக்கடையின் பின்னறையில் தனியாகத் துள்ளிக் குதித்தாள்.

பிறப்பு பாதிதான், மீதி வளர்ப்பு. எந்தப் பூதத்தை அடித்து வீழ்த்துகிறோமோ அதன் குணம் நம் பூதத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். கல்தவளையை வீழ்த்தினால் பலம் ஏறும். தும்பியை வீழ்த்தினால் வேகம் ஏறும். ஏறக்கூடியதற்கும் ஓர் எல்லை உண்டு. வேண்டாததை ஏற்றிவிட்டால் வேண்டியதற்கு இடமிருக்காது. ஹமாமட்சுவிலிருந்து வேலைக்குப் போகிற ரயிலில், குளிர்காலம் முழுக்க, சயோகோ கல்தவளைகளை மட்டும் தேடித் தேடி அடித்தாள். தும்பி எதிரே வந்தால் மானம் பாராமல் ஓடினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளி மாணவி ஒருத்தி இதை எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய ஆமை ஒரு பூச்சிக்குப் பயப்படுகிறதே என்று வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறாள்.

அப்படி வளர்த்த மோச்சிதான் இன்று முந்தியது.

காத்திருப்போர் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கருவியில் மோச்சியின் விவரப் பக்கத்தைத் திறந்தாள். வேகத்தின் கோடு பலத்தின் கோட்டுக்குச் சமமாக நீண்டிருந்தது. மோச்சியின் கழுத்துக்குக் கீழே கடுகளவில் ஒரு தங்க மணி.

அந்த மணியை அறியாத ஆட்டக்காரர் கிடையாது. விளையாட்டுக்குள் மலைக்கோயில் ஒன்று உண்டு. ஏரியில் வாரக்கணக்காகத் தூண்டில் போட்டுத் தங்கச் செதில்களைச் சேர்த்துக்கொண்டு போனால், அங்கே இருக்கும் பூசாரி அவற்றை உருக்கி மணியாக்கி நம் பூதத்தின் கழுத்தில் கட்டுவான். கட்டிய நொடியில் அதன் திறன் எல்லாம் உச்சத்துக்குப் போய்விடும், வேகம் உட்பட. ஒருமுறை கட்டினால் கட்டியதுதான், கழற்ற வழியே இல்லை. இதைவிடப் பெரிய வரம் அந்த விளையாட்டில் எந்தப் பூதத்துக்கும் கிடையாது. பாறையாமைக்கு மட்டும் அது தூக்குக் கயிறு.

போட்டிக்குப் பதிவு செய்த நான்கு பூதங்களைக் காலையிலேயே பூட்டிவிட்டார்கள். அந்த நான்கோடுதான் ஆட வேண்டும்; யாரையும் மாற்ற முடியாது. வியாழக்கிழமை கடைசியாகப் பார்த்தபோது மோச்சிக்கு மணி இல்லை; அதன்பின் அவளுக்குக் கடையில் இரண்டு நாள் மூச்சுவிட நேரமில்லை. மோச்சியைத் திறந்து பார்க்காமலே பதிந்துவிட்டாள். முந்தைய சுற்றுகளுக்கு மற்ற மூன்றே போதுமாக இருந்தன. அவள் வீட்டில் அவளைச் சேர்த்து இருப்பது இரண்டே பேர். பூனைகூடக் கிடையாது.

மற்றொருவன் பார்வையாளர் பக்கத்திலிருந்து கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தான். அவள் கணவன் முனேஹிரோ. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. விளையாட்டு என்றால் அவனுக்கு பேஸ்பால், அதுவும் தொலைக்காட்சியில்.

"சயோ! இறுதிக்கு வந்துட்டியே! ஜெயிச்சா நேரா தேசியப் போட்டிதானே?"

"முனே, என் மெஷினை நீ தொட்டியா?"

அவன் காது மடல் சிவந்தது. கண் எங்கெங்கோ போய் வந்தது. "நானா? இல்லையே. எனக்கு அதுல எது எங்க இருக்குன்னே தெரியாதே."

பொய் சொல்லத் தெரியாத மனிதன் பொய் சொன்னால் அது நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

ஏனென்றால் இந்தப் போட்டியில் இருந்தது கோப்பை மட்டுமல்ல. போன வசந்தத்தில், திருமண நாளன்று, இருவரும் வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போவதாக இருந்தார்கள். அன்றைக்கென்று ஒரு தகுதிச் சுற்று வந்தது. சயோகோ சுற்றுக்குப் போனாள். முனேஹிரோ தனியாக விடுதிக்குப் போய், இரண்டு பேர் சாப்பாட்டை ஒருவனாகச் சாப்பிட்டுவிட்டு வந்தான். அந்தச் சண்டை மூன்று நாள் சத்தமில்லாமல் நடந்தது. முடிவில் அவள்தான் சொன்னாள்: "அடுத்த வருஷம் தேசியப் போட்டிக்குத் தேர்வாகலேன்னா, இதை அடியோட நிறுத்திடறேன். சத்தியமா." அவன் சூப்புக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல் "சரி" என்றான்.

அந்த "சரி" அன்றே அவளை உறுத்தியது. இன்று அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அவள் தோற்றால் யாருக்கு லாபம்? மணி கட்டிய கைக்குத்தான்.

"உனக்குப் பிடிச்ச ஊறுகாய்ப்பழம் வெச்சு நானே பிடிச்ச சோத்துருண்டை," என்று பொட்டலத்தை நீட்டினான் முனேஹிரோ. "கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும். சாப்பிட்டுட்டுப் போ."

"வேண்டாம். நீயே சாப்பிடு. இனிமே உன் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் உனக்குத்தானே."

"என்ன சொல்றே?"

"ஒண்ணுமில்ல. சந்தோஷமா இரு."

அவன் பொட்டலத்தைப் பிடித்தபடியே நின்றான். ஒலிபெருக்கி அவள் பெயரைக் கூப்பிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் மேடையேறினாள். கொடுமையான பேச்சுதான், அது அவளுக்கும் தெரியும். ஆனால் கட்டிய கணவனே காலை வாரிவிட்டான் என்று நினைக்கிறவளிடம் இனிமையை எதிர்பார்க்க முடியுமா?

எதிரே உட்கார்ந்தவன் ஹயாமா என்ற கல்லூரிப் பையன். நகோயா ஆட்டக்காரர்களில் கெட்டிக்காரன். அவளைப் பல போட்டிகளில் பார்த்திருக்கிறான். பாறையாமை கடைசியில் வரும், அடி வாங்கிக்கொண்டு ஒரே அடியில் முடிக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. இருவருக்கும் மேலே இருந்த பெரிய திரையில் பூதங்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

சயோகோ வெறியோடு ஆடினாள். மற்ற மூன்றையும் வைத்தே முடித்துவிட வேண்டும், மோச்சிக்கு வேலையே வரக் கூடாது என்பதுதான் அவள் கணக்கு. அவள் புயல்கொக்கு அவனுடைய எலியையும் காட்டேரியையும் வீழ்த்திவிட்டுச் சாய்ந்தது. அவள் நரிமீன் போனது. அவனுடைய எருமை போனது. அவள் கள்ளிப்பூதம், கடைசியாக வந்த பனிநரியின் உயிரை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு விழுந்தது. பதறிப் பதறி அழுத்தியதில் அவள் கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது.

மிஞ்சியது அவளுக்கு மோச்சி, அவனுக்கு அரைகுறை உயிரோடு ஒரு பனிநரி.

மண்டபம் முணுமுணுத்தது. விஷயம் தெரிந்தவர்களுக்கு ஆட்டம் முடிந்த மாதிரிதான். நரி முதலில் கடிக்கும், ஆமையின் ஓடு தாங்கும், பிறகு உருளடி விழும், நரி காலி. ஹயாமாவே உதட்டைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டான். அரையிறுதி பெரிய திரையில்லாத ஓரத்து மேசையில் நடந்ததால், இவ்வளவு பேரில் சயோகோ ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும். இல்லை, இன்னொருவனுக்கும் தெரியும் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் எரிந்தது. அவன் எங்கே உட்கார்ந்து இதை ரசிக்கிறானோ.

வேறு வழியில்லை. உருளடியை அழுத்தினாள்.

மோச்சி நரிக்கு முன்னால் பாய்ந்தது. பாறையாமையா இது என்று மண்டபமே ஒரு நொடி மூச்சடைத்தது. அந்த அமைதியில் ஒரே ஒரு ஆள் எழுந்து நின்று, கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிப் படபடவென்று தட்டினான்.

"முந்திடுச்சு! மோச்சி முந்திடுச்சு! பாரு சயோ, நம்மாளு முந்திடுச்சு!"

நூற்றுக்கணக்கான தலைகள் திரும்பின. அமைப்பாளர் ஒருவர் ஓடிவந்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். முனேஹிரோ எல்லோருக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டான். கேட்டுக்கொண்டே தட்டினான். அவன் முகம் திருவிழாவில் பரிசு விழுந்தவன் முகமாக இருந்தது.

மேலே திரையில் மோச்சியின் அடி நரியின் மேல் இறகு போல விழுந்தது. அதன் உயிர்க்கோட்டில் நகக்கண் அளவுதான் குறைந்தது. "ஐயோ" என்று மண்டபம் பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சுக்கு அர்த்தம் தெரியாமல் முனேஹிரோ இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.

சயோகோவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கெடுக்க நினைத்தவன் இந்த இடத்தில் கை தட்ட மாட்டான். பாவி மனுஷன் பிள்ளையார் பிடிக்கப் போயிருக்கிறான், அது குரங்காய் முடிந்திருக்கிறது, குரங்கென்று தெரியாமல் அதற்கு ஆரத்தி வேறு எடுக்கிறான்! அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி எப்படியாவது ஜெயிக்க வேண்டும், அந்தக் கைதட்டலுக்காகவாவது ஜெயிக்க வேண்டும் என்று ஆசை பொங்கியது.

நரி கடித்தது. ஓடு தாங்கியது. மோச்சி மறுபடி முந்தியது, மறுபடி நகக்கண் அளவு. நரி கடித்தது. ஓட்டைச் சுருக்கி மறைந்துகொண்டு ஒரு சுற்றைக் கடத்திப் பார்த்தாள். ஹயாமாவுக்கு அதற்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது; அவன் அவசரமில்லாமல் ஆடினான். கடைசி அடியில் நரிக்கு மயிரிழைதான் பாக்கி. அடுத்த கடியில் மோச்சி நான்கு காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு மெல்லச் சாய்ந்தது.

தேசியப் போட்டி போயிற்று.

மேடைக்குக் கீழே ஹயாமா அவளைத் தேடி வந்தான். பக்கத்தில் முனேஹிரோ நின்றிருந்தான். அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஹிகுச்சி சான், தப்பா எடுத்துக்காதீங்க," என்று பையன் அவளைக் குடும்பப் பெயரால் மரியாதையாக விளித்துத் தலையைச் சொறிந்தான். "பாறையாமைக்குப் போய் மணி கட்டியிருக்கீங்களே, ஏன்? அதோட அடியே போச்சே. மணி மட்டும் இல்லேன்னா முதல் அடியிலேயே நான் காலி."

முனேஹிரோவின் கை பையின் வாரில் அப்படியே நின்றது.

"நான்தான் கட்டினேன்," என்றாள் சயோகோ. "புதுசா ஒண்ணு பண்ணிப் பார்க்கலாம்னு தோணுச்சு. சரிப்படல."

"அடடா. அதைக் கழட்டவும் முடியாதே, பாவம்." பையன் உண்மையாகவே வருத்தப்பட்டான். குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

"கழட்ட முடியாதா?" என்று கேட்டான் முனேஹிரோ.

"முடியாது."

"அந்தப் பூசாரி 'நிச்சயமா? நிச்சயமா?'ன்னு ரெண்டு தரம் கேட்டான் சயோ. நல்ல காரியம்தானேன்னு ஆமான்னு அழுத்திட்டேன்." அவன் பை வாரைத் திருகினான். "நீ குளிக்கப் போறப்பல்லாம் ஏரியில தூண்டில் போட்டுச் செதில் சேர்த்தேன். மோச்சிக்கு எல்லாக் கோடும் நீளமா இருக்கு, வேகம் மட்டும் ஒண்ணுமே இல்ல. பாவம், நீ கவனிக்காம விட்டுட்டேன்னு நினைச்சேன்."

"அப்புறம் ஏன் தொடவே இல்லைன்னு சொன்னே?"

"ஆட்டத்துல பார்த்து நீ அசந்து போகணும்னு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. அவன் எதையோ யோசித்தான். லிஃப்டில் எந்தக் கம்பி அறுந்தது என்று தேடுகிறவன் மாதிரி, நிதானமாகப் பின்னாலிருந்து முன்னால் வந்தான்.

"நான் கட்டினேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அரையிறுதி முடிஞ்சதுமே."

"அப்ப, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் எனக்குத்தான்னு சொன்னியே." அவன் அவளை நேராகப் பார்த்தான். "நீ தோக்கணும்னு நான் வேணும்னே பண்ணினதா நினைச்சியா?"

பையனிடம் சொன்ன பொய் நொடியில் வந்தது. இவனிடம் வரவில்லை.

"நினைச்சேன்."

முனேஹிரோ பையைத் தரையில் வைத்தான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள், கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

"நிறுத்துன்னு நான் எப்பவாவது சொன்னேனா? நீயா சொன்னே. நான் சரின்னேன்," என்றான். "உன்னைத் தோக்கடிக்கிற அளவுக்கு எனக்கு அந்த ஆட்டம் தெரிஞ்சிருந்தா, இத்தனை வருஷமா அடுத்த ரூம்ல தனியா உட்கார்ந்து பேஸ்பால் பார்த்திருப்பேனா சயோ? உன் பக்கத்துல வந்து உட்கார்ந்திருக்க மாட்டேனா?"

தேசியப் போட்டியை இழந்தபோது வராத அழுகை இப்போது வந்தது. முகத்தை மூடக்கூடத் தோன்றாமல், கூட்டத்தின் நடுவில் நின்று சயோகோ விம்மி விம்மி அழுதாள். தோற்றதற்கு அழுகிறாள் என்று நினைத்துச் சுற்றிலும் இருந்தவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.