போனை எடுக்க ஓர் ஆள்

வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று 2009 மே மாதத்தில் வானொலி சொன்ன நாளிலிருந்து அப்பா சாப்பிடவில்லை. அவருடைய ஒரே தங்கை விமலராணி மாமி கடைசிவரை அங்கேதான் இருந்தார். மாமியிடமிருந்து போன் வரும்வரை வெறுந்தேத்தண்ணி மட்டும் என்று அப்பா முடிவெடுத்திருந்தார். அம்மா கெஞ்சினார், அழுதார், போதகரையும் கூப்பிட்டார். மிஞ்சியதையெல்லாம் சாப்பிட்டு நானும் என்னாலான உதவியைச் செய்தேன்.

ஐந்தாம் நாள் அப்பா படியில் தடுமாறினார். இன்றைக்கு இவரைச் சாப்பிட வைக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன். வீட்டில் யாரோடும் முறைத்துக்கொள்வார். வெளி ஆட்களிடம் மரியாதை தவறமாட்டார். "துணைக்கு வாங்கோப்பா" என்று, டென்மார்க்கின் இஷொயில் எங்கள் மாடிக்குக் கீழேயுள்ள எத்தியோப்பியச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

இரண்டு பேருக்குச் சொன்னேன். சுளகளவில் ஒரு தட்டு வந்தது. தட்டு நிறைய இஞ்செரா, புளித்த மாவில் சுட்ட பெரிய தோசை மாதிரி. அதன்மேல் பருப்பும் கோழிக்கறியும்.

அப்பாவுக்கு நிம்மதி. "எனக்கு வைக்கேல்லை. நல்லதாப் போச்சு. நீ சாப்பிடு."

"இது ரெண்டு பேருக்குமப்பா."

"ஒரே தட்டிலயோ? நாங்கள் என்ன கோழிக்குஞ்சுகளே?"

கடைக்காரி செனாயிட் வந்து, ஏன் சாப்பிடவில்லை என்று டேனிஷில் கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் கை கழுவி வந்து, இஞ்செராவில் கறியைச் சுருட்டி அப்பாவின் வாய்க்கு நேரே நீட்டினார். அவர்கள் ஊரில் விருந்தாளிக்கு ஊட்டுவது வழக்கம், மறுத்தால் அவமரியாதை. எனக்கு இது தெரியும். அதனால்தான் இந்தக் கடை.

அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"பசியில்லை," என்றார் மிக மரியாதையாக.

நீட்டிய கை இறங்கவில்லை. "எங்கள் நாட்டுச் சண்டை முடிந்து எட்டு மாதத்துக்குப் பிறகுதான் என் அண்ணனிடமிருந்து போன் வந்தது," என்றார் செனாயிட். "உங்கள் தங்கையிடமிருந்து போன் வரும்போது எடுத்துப் பதில் சொல்ல நீங்கள் இருக்க வேண்டாமா?"

அப்பா மேசையில் கிடந்த போனைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

விழுங்குமுன்னே அடுத்த வாய் வந்தது. "மூன்று ஊட்டவேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் நமக்குள் சண்டை வரும்."

"சண்டை வேண்டாம்," என்று அப்பா அவசரமாக வாயைத் திறந்தார்.

மூன்றுக்குப் பிறகு தானே தட்டில் கை வைத்தார். பாதியில் நிமிர்ந்தார். "கொம்மாவுக்கும் ஒண்டு கட்டச் சொல்லு. அவளும் அஞ்சு நாளாச் சாப்பிடேல்லை."

எனக்குத் தெரியாது. அம்மாவின் பங்கையும் நான்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

"அவ மாட்டனெண்டா?"

"மூண்டு தரம் ஊட்டுறன்," என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பா கை கழுவ எழுந்தார்.