ஒற்றை ஆசனம்

சுருவில் கிராமத்தில் ஓய்வுபெற்ற தபாலதிபர் விநாயகமூர்த்தி தொடங்கிய கட்சிக்கு முதல் தேர்தலில் பதினேழு வாக்குகள் விழுந்தன. அவருடைய சொந்தக்காரர் மட்டும் நாற்பது பேர். இம்முறை, இரண்டு பெரிய கட்சிகளோடும் கோபித்துக்கொண்ட சனத்தின் புண்ணியத்தில், பிரதேச சபையில் ஓர் ஆசனம் கிடைத்துவிட்டது. பெரிய கட்சிகள் இரண்டும் சரிசமமாக நின்றதால், அவர் கை உயர்த்தும் பக்கத்துக்கே சபைத் தலைமையான தவிசாளர் பதவி.

மறுநாளே இரண்டு தரப்பும் வீடு தேடி வந்து, உபதவிசாளர் பதவி தருவதாகச் சொல்லிப் போயின. விநாயகமூர்த்தி கண்ணாடிக்கு முன்னால் நின்று ஏற்புரை பழகினார். கட்சிச் செயலாளரான மனைவி இரஞ்சிதம் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பதவி வேண்டாம். ஊருக்குக் கிழமையில மூண்டு நாள் தண்ணி பவுசர் லொறி வேணுமெண்டு எழுதி வாங்குங்கோ."

"நான் தலைவரெல்லே?"

"ஓம். ஆனா உங்களுக்கு வாக்குப் போட்டது தண்ணிக்கு நடக்கிற பொம்பிளையள்."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பக்கத்துக்கே கை உயர்த்தினார்.

பவுசர் வந்த முதல் நாள், வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிச் சொன்னாள்: "தவிசாளர் நல்ல மனிசன், அண்ணை. சொன்னதைச் செய்துபோட்டார்."

விநாயகமூர்த்தி வாயைத் திறந்தார். பிறகு சிரித்துக்கொண்டே தன் வாளியை முன்னே நகர்த்தினார்.