போனில் வந்த விசேஷம்

ஷாந்தினிக்கு அலுத்துப்போயிருந்தது. கிளினிக் தாதி சொன்னபடி வேலை விட்டு வந்ததும் பாச்சாங் தாமான் குடியிருப்பைச் சுற்றி நடக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், மாதவிலக்குத் தேதியைக் குறிக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. குறித்துவைக்கிற போனுக்குத்தான் வாய் நிற்பதில்லை.

போனை மட்டும் திட்டி என்ன செய்ய? புருஷன் வசந்தன் மகா சோம்பேறி. வீட்டில் யார் போன் வாங்கினாலும் தன்னுடைய ஒரே இமெயிலைப் போட்டுக் கொடுத்துவிடுவான். "ஒரே குடும்பம்தானே லா, எதுக்கு ஆளுக்கொன்னு?" என்பான். போன வருஷம் ஹெல்த் ஆப்பில் அவள் நாள் தள்ளிப்போனதைக் குறித்தாள். ஆப் அனுப்பிய வாழ்த்து மாமியார் வேலாயியின் போனிலும் வந்து குதித்தது. மூன்று மாதம் முடியாமல் வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று சட்டம் பேசுகிறவளே வேலாயிதான். குழந்தைப் படத்தைப் பார்த்ததும் சட்டம் காற்றில் போயிற்று. "மருமக விசேஷமா இருக்கா" என்று பெம்பான் ஊரில் இருக்கும் சொந்தம் வரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

பிறகு கரு கலைந்தது. ஷாந்தினி ஆப்பை அழித்தாள், ஆனால் மெயில் நிற்கவில்லை. வசந்தன் எதையும் படிக்காமல் தள்ளிவிடுவான். வேலாயி அப்படியில்லை. ஒருநாள் போனை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இங்கிலீஸ்ல என்னமோ வந்திருக்கு. படிச்சி சொல்லும்மா."

உங்கள் குழந்தை இந்த வாரம் பிறக்கப்போகிறது, எல்லாம் தயாரா என்று கேட்டிருந்தது.

"பால்மாவு விளம்பரம், அத்தே."

சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆபீஸில் கூட வேலை செய்யும் ரோகினிதான் வழி சொன்னாள். "ஓப்பன் சோர்ஸ் ஆப் போடுங்கக்கா. பேரு, இமெயில் ஒன்னும் கேக்காது. நீங்க எழுதுறது உங்க போனை விட்டு வெளிய போகாது."

வசந்தனிடம் சொன்னபோது அவன் நாசி லெமாக் சோற்றிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஓப்பன் சோஸா? சில்லி சோஸ் மாதிரியா?"

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. "சோர்ஸ்ங்க. ஆப்பை எப்படிச் செஞ்சாங்கன்னு யார் வேணும்னாலும் பாக்கலாம்."

"ஓப்பன்னா அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருமே லா?"

"ஓப்பனா இருக்கிறது அவங்க அடுப்பங்கரை. நம்ம வீட்டுக் கதவு சாத்தியேதான் இருக்கும்."

அவளே உட்கார்ந்து தேடினாள். அழகாக இருந்த ஒன்று முதல் கேள்வியாகவே இமெயிலைக் கேட்டது. வேண்டாம். இன்னொன்றுக்குப் போனில் உள்ள நம்பர்களெல்லாம் வேண்டுமாம். நான் நடப்பதற்கும் அத்தை நம்பருக்கும் என்னடா சம்பந்தம் என்று அதையும் தூக்கிப்போட்டாள். கடைசியில் நடைக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று என்று கிடைத்தன. இரண்டிலும் பூவும் இல்லை, குழந்தைப் படமும் இல்லை. எதுவும் கேட்கவில்லை.

இந்த மாதம் நாள் தள்ளிப்போயிற்று. குறித்தாள். ஆப் வாழ்த்தவில்லை, குறித்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது. அவளும் வசந்தனிடம்கூடச் சொல்லவில்லை. சந்தோஷப்படப் பயமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் நடக்கக் கிளம்பியவளை வேலாயி நெத்திலி ஆய்ந்தபடியே நிறுத்தினாள்.

"ஏம்மா, இப்பல்லாம் போன்ல ஒன்னும் வர்றதில்லியே. விசேஷம் ஏதும் இல்லியா?"

கேள்வியில் குத்தல் இருந்திருந்தால் ஷாந்தினி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். இருந்தது ஏக்கம்தான். அவள் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள்.

"இனிமே போன்ல வராது, அத்தே. வந்தா நானே சொல்றேன்."